“எந்த ஏரியா தம்பி?” - இன்டர்வியூவில் திணறவைக்கும் அந்த முதல் கேள்வி!

காலை ஏழரை மணி. விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷனில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் கையில் பிளாஸ்டிக் ஃபைலுமாக நிற்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். கிண்டிப் பக்கம் இன்டர்வியூ. ஃபைலுக்குள் மார்க் ஷீட், ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கும். மனசுக்குள் மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். “எந்த ஏரியா?” என்று கேட்டால் என்ன சொல்வது?

காசிமேடு என்றோ எண்ணூர் என்றோ சொன்னால் எதிரே இருப்பவரின் முகம் மாறிவிடுமோ என்ற பயம். அரிவாளையும் ரவுடியையும் வைத்தே சினிமா காட்டிய வடசென்னைதானே பலருக்கும் தெரியும்! அதனால் “சென்னைதான் சார்” என்று மழுப்புகிறவர்கள் உண்டு. ஆனால், பயோடேட்டாவின் தலைப்பிலேயே முகவரி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மழுப்பினால், இவர் எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம்தான் வரும்.

அரசு வேலையில் பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ மட்டும் காரணம் காட்டிப் பாகுபாடு பார்க்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 16-வது பிரிவு. தனியார் நிறுவனத்துக்கு அது நேரடியாகப் பொருந்தாது. அங்கே உங்கள் பதில்தான் உங்களுக்குத் துணை.

ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதான். எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறிய பட்டறையாகத் தொடங்கியது. 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் கோத்துக் கொடுத்தது. 1955-ல் லேலண்டுடன் சேர்ந்த பிறகே அசோக் லேலண்ட் ஆனது. பிரிட்டனில் உற்பத்தி நின்றுபோன பிறகும், புல்லட் திருவொற்றியூரிலிருந்து வந்துகொண்டே இருந்தது. 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகம் முதலில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கவே கட்டப்பட்டது. இன்று காமராஜர் துறைமுகம் என்ற பெயரில் கார்களையும் கப்பலேற்றுகிறது.

தினமும் கம்பெனி சங்குச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது. “எங்க கம்பெனியைப் பத்தி என்ன தெரியும்?” என்பது எல்லா இன்டர்வியூவிலும் வரும் கேள்வி. எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அது எப்போது தொடங்கியது, என்ன தயாரிக்கிறது, யாருக்கு விற்கிறது என்ற மூன்றையும் முதல் நாள் இரவே அதன் இணையதளத்தில் படித்துவிடுங்கள்.

அனுபவத்தைக் கதையாகச் சொல்லுங்கள்

“உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்றதும், பெயர், அப்பா பெயர், பிடித்த பொழுதுபோக்கு என்று ஒப்பிப்பது வழக்கம். பெயரும் அப்பா பெயரும் பயோடேட்டாவிலேயே இருக்கின்றன. நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன என்று நான்கு படியாக ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த ஒரு மீனவர் வீட்டுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். “எனக்கு அனுபவம் இல்லை சார்” என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “அப்பாவோட ஃபைபர் போட் இன்ஜின் அடிக்கடி நின்னுபோச்சு. பார்க்கிற பொறுப்பு என்கிட்ட வந்தது. கழட்டிப் பார்த்ததுல டீசல்ல தண்ணி கலந்திருந்தது. ஃபில்டரை மாத்தி, டேங்கைச் சுத்தம் பண்ணேன். அப்புறம் அந்தப் பிரச்னை வரலை” என்று சொன்னால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். “தண்ணி கலந்ததை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று அடுத்த கேள்வி வரும். அது உங்களுக்குப் பதில் தெரிந்த கேள்வி.

பி.காம் படித்த ராயபுரம் பெண் ஒருவர் சரக்கு ஏஜென்சியில் வேலை கேட்கப் போகிறார் என்றால், இறக்குமதிக்குத் தாக்கல் செய்வது ‘பில் ஆஃப் என்ட்ரி’, ஏற்றுமதிக்கு ‘ஷிப்பிங் பில்’ என்பதையாவது தெரிந்துகொண்டு போகலாம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் மாமாவிடம் அரை மணி நேரம் பேசினால் போதும்.

ஆங்கிலம் தடுமாறினால் வியர்க்க வேண்டாம். “சார், இதைத் தமிழ்ல விளக்கலாமா?” என்று மரியாதையாகக் கேட்கலாம். பதில் தெரியாவிட்டால் “தெரியலை சார், கத்துக்கிறேன்” என்பது கௌரவமான பதில்தான். அளந்துவிட்டால் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

நீங்களும் கேளுங்கள்

“ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். “இல்லை சார்” என்று எழுந்துவிடாதீர்கள். வேலை கம்பெனி ரோலிலா, கான்ட்ராக்டர் மூலமா? பி.எஃப், இ.எஸ்.ஐ. உண்டா? ஷிப்ட் நேரம் என்ன? அப்ரன்டிஸ் என்றால் எத்தனை மாதம், உதவித்தொகை எவ்வளவு? பணிவாகக் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இதைக் கேட்காமல் சேர்ந்துவிட்டு, சம்பளச் சீட்டில் வேறு பெயரைப் பார்த்துத் திகைப்பதைவிட முதலிலேயே கேட்பது நல்லது.

இன்னொன்று, வேலைக்காக யாராவது ‘டெபாசிட்’ என்றோ ‘யூனிஃபார்ம் செலவு’ என்றோ முன்பணம் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். நகையை அடகு வைத்துக் கட்டும் பணத்துக்கு ரசீதும் இருக்காது, வேலையும் இருக்காது.

முந்தைய நாள்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டினால், பத்து நிமிட தூரத்துக்கு ஒரு மணி நேரமும் ஆகலாம். “டிராஃபிக் சார்” என்ற சமாதானம் எடுபடாது. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டதால், கிண்டிக்கு வண்டி மாறாமலே போகலாம். முடிந்தால் முதல் நாளே ஒருமுறை அந்த இடம் வரை போய் வாருங்கள்.

இரவு, வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அம்மாவோ தங்கையோ யாராக இருந்தாலும் சரி. முதல் கேள்வியாக “எந்த ஏரியா?” என்றே கேட்கச் சொல்லுங்கள்.

“எண்ணூர் சார். லேலண்ட் பஸ்ஸைப் பார்த்துதான் மெக்கானிக்கல் எடுத்தேன்.”

இதைத் தயங்காமல் சொல்ல வரும்வரை, திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள்.