உடற்பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

சுவரிருந்தால்தான் சித்திரம் என்று விளையாட்டு விழா மேடைதோறும் கேட்கிறோம். அந்தச் சுவரை எழுப்பத் தொடங்குவது எப்படி என்று சொல்வோர்தாம் குறைவு. ஆகவே நம்மில் பலர் புத்தாண்டன்று அதிகாலையில் எழுந்து, மூச்சு முட்ட மைதானத்தைச் சுற்றி ஓடுகிறோம். மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடிவதில்லை. நான்காம் நாள் போர்வையை விட்டு எழுவதே இல்லை!

அந்த வலி ஏன் வருகிறது? பழக்கமில்லாத தசைகள் கடினமாக உழைக்கும்போது அவற்றின் இழைகளில் மிக நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. உடல் அவற்றைச் செப்பனிடும் காலத்தில்தான் நாம் வலியை உணர்கிறோம். பொதுவாக இது பயிற்சி செய்த 24 மணி முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சமடைந்து, பின் தானாகவே தணிந்துவிடும். லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் எனப் பழைய நூல்கள் கூறும்; அது சரியன்று. அவ்வமிலம் ஓடி முடித்த ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்து பாருங்கள், வலி வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால் மூட்டில் சுரீரென்ற வலியோ வீக்கமோ கண்டால் உடனே நிறுத்தி, உடற்கல்வி ஆசிரியையிடம் சொல்ல வேண்டும்.

வலியைக் குறைக்க வழி, சிறிதாகத் தொடங்குவதே. 1996-ஆம் ஆண்டு ஜாஷ் கிளார்க் என்னும் அமெரிக்கர், ஐம்பது வயதைக் கடந்த தம் தாயாரை ஓடப் பழக்குவதற்காக ஒரு திட்டம் வகுத்தார். முதலில் ஐந்து நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். பிறகு 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம். வாரத்திற்கு மூன்று நாள் போதும்; இடையில் ஓய்வு. இவ்வாறு ஓடும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடலாம் என்பது திட்டம். அம்மாவையும் உடன் அழைத்துக்கொள்ளலாமே! மைதானம் இல்லாதவர்க்கு மொட்டை மாடியும் ஸ்கிப்பிங் கயிறும் உண்டு.

வேகம் சரிதானா என்றறியக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் வரும் தோழியோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே தொடக்கநிலையினர்க்கு ஏற்ற வேகம்.

பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினர். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்ததைச் செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தின. விளைவு? 1960 வரை ஒலிம்பிக்கில் அப்போட்டியே நடத்தப்படவில்லை. ஓடினால் ஆண்களும்தான் களைக்கிறார்கள்!

மாதவிலக்கு நாள்களில் பயிற்சி கூடாது என்பதும் அவ்வகை அச்சமே. இயன்றால் மெல்ல நடக்கலாம். பலருக்கு அது வயிற்றுவலியைத் தணிக்கிறது. இயலாவிடில் ஓய்வெடுப்பதில் தவறில்லை.

நாம் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது இரத்த சோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இக்குறை உள்ளது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைகளுக்குப் போதிய பிராணவாயு சேராது. அவள் நான்கு எட்டு வைத்ததும் மூச்சு வாங்குவாள்; நாமோ "சோம்பேறி" என்று கேலி செய்வோம். சில வாரம் முறையாக நடந்தும் களைப்பு நீங்காதவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகளுடன் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் அருந்தினால் அது சேர்வது தடைப்படும். ஒரு மணி நேரமாவது பொறுத்து அருந்துங்கள்.