சிங்கையா, சயாமா?

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலருகே நின்று நேர் கிழக்கே கை நீட்டினால், அது அந்தமானையும் பர்மாவின் தென்கோடியையும் கடந்து சயாம் தேசத்தைச் சுட்டும். தென்கிழக்கே திருப்பினால் சிங்கப்பூர். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, செங்கற்பட்டு நண்பர் ஒருவரின் குடும்பத்தாருடன் அங்கே அமர்ந்திருந்தபோது, இவ்விரண்டு திசைகளைப் பற்றித்தான் பெரிய வழக்கு நடந்தது. சேர்த்து வைத்த பணம் ஒரு யாத்திரைக்குத்தான் போதும். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூர்க் கட்சி. நண்பரின் மனைவியார் பாங்காக் கட்சி. தீர்ப்புச் சொல்லும் பாரம் நம் தலையில் விழுந்தது.

பிரயாணத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. செங்கற்பட்டில் மின்சார ரயிலேறித் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். அங்கிருந்து எந்நகரமும் சில மணி நேரப் பயணம்தான். 1926-ஆம் ஆண்டு முதல் ‘ரஜூலா’ கப்பலின் மேல்தட்டில் நாட்கணக்காய் வாந்தியெடுத்துச் சென்ற நம் முன்னோர் இதைக் கேட்டால் நம்பியிருக்க மாட்டார்கள். செலவில் மட்டும் சிங்கப்பூர் சற்றும் இரக்கமற்றது.

ஆயினும் சிங்கப்பூரின் பக்ஷம் வலுவுள்ளது. அங்கே அரசாங்க மொழிகள் நான்கனுள் தமிழும் ஒன்று. ரயில் நிலையப் பலகைகளிலும் நம் எழுத்தைக் காணலாம். ராபிள்ஸ் துரையுடன் 1819-இல் வந்திறங்கிய நாராயண பிள்ளை 1827-இல் ஓலைக் கூரையின்கீழ் ஏற்படுத்திய மாரியம்மன் கோயில் இன்று கோபுரத்துடன் விளங்குகிறது. 1943 ஜூலை 4-ஆம் தேதி கதே மண்டபத்தில் நேதாஜி இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றதும், அக்டோபர் 21-ஆம் தேதி ஆஸாத் ஹிந்த் சர்க்காரைப் பிரகடனம் செய்ததும் இந்நகரிலேதான். ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர். மாண்ட வீரர்களுக்காகக் கடற்கரை மைதானத்தில் எழுப்பிய ஞாபகச் சின்னத்தை, 1945-இல் திரும்பி வந்த ஆங்கிலேயர் முதற்காரியமாக வெடி வைத்துத் தகர்த்தார்கள். கல்லுக்குக்கூட அவ்வளவு பயம்! 1995-இல் அவ்விடத்தில் ஓர் அறிவிப்புக் கல் நடப்பட்டது.

பாங்காக்கிற்கு வருவோம். 1782-இல் தலைநகரான அவ்வூரில் அரண்மனைப் பிராமணர்களின் தேவஸ்தானம் உண்டு. அதன் எதிரே செந்நிறத்தில் ஓங்கி நிற்கும் பெரிய ஊஞ்சலில் 1935 வரை விழா நடந்ததாம். அவ்விழாவின் பெயர் ‘திரியம்பாவாய்’. நம் திருவெம்பாவை கடல் கடந்து உருமாறிய பெயர் அது என்று விளக்கவும் வேண்டுமோ? அத்தேசத்தின் மேற்குக் கரையில், பாங்காக்கிற்கு வெகு தொலைவிலுள்ள தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, மூன்றாம் நந்திவர்மனின் விருதுப் பெயரால் வெட்டிய அவனிநாரணக் குளத்தையும், மணிக்கிராமத்து வணிகரையும் குறிக்கிறது. நாம் அமர்ந்திருந்த மணல், அந்தப் பல்லவர்களின் துறைமுகத்து மணல். உணவுக்குத்தான் சிறிது ஜாக்கிரதை தேவை: கீரையிலும் மீன்சாறு ஊற்றிவிடுவார்கள். ‘ஜே’ என்ற ஓரெழுத்துச் சொல்லைக் கற்றுக்கொண்ட மரக்கறிக்காரர் பிழைத்தார்.

இவ்வளவையும் கேட்டும் பிள்ளைகள் மசியவில்லை. அதுவரை சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்த நண்பரின் தாயார், “காஞ்சனபுரி என்கிறார்களே, அது எந்த ஊருக்குப் பக்கம்?” என்று நம்மைக் கேட்டார்.

பாங்காக்கிற்கு மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் என்றோம். கேள்வியின் காரணம் பிறகே விளங்கியது. அம்மையார் 1941-இல் இங்கே பிறந்தபோது தகப்பனார் மலேயாத் தோட்டத்தில் இருந்தார். பிறகு யுத்தம், கடிதம் நின்றது. சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் என்று, யுத்தம் முடிந்து திரும்பிய ஒருவர் சொன்னதே கடைசிச் செய்தி.

ஜப்பானியர் 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில், பேதியாலும் பசியாலும் மாண்ட தமிழர் பல்லாயிரவர். காஞ்சனபுரி யுத்த மயானத்தில் நேச நாட்டுச் சிப்பாய்கள் ஏறக்குறைய 7,000 பேருக்குத் தனித்தனிக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் கூலி ஜனங்களுக்குப் பெயர் பொறித்த வரிசை இல்லை. 2023-இல்தான் அவர்களுக்கென்று அவ்வூரில் தமிழர் ஒரு நடுகல் நாட்டினார்கள்.

“எனக்கு விமானமெல்லாம் வேண்டாம்,” என்றார் அம்மையார். “நீங்கள் போனால், அந்தக் கல்லுக்கு முன்னால் என் அப்பாவின் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.”

நம்மிடம் யாரும் அதன்பின் தீர்ப்புக் கேட்கவில்லை. மூத்த பையன், பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து குவாய் ஆற்றுப் பாலத்துக்குப் போகும் ரயில் காலையில் எத்தனை மணிக்கு என்று பார்க்கத் தொடங்கியிருந்தான்.