ஏலத்தில் பிறந்த அணி

போடிக்காரர்களாகிய நமக்கு ஏலம் புதிதன்று. மலையில் விளைந்த ஏலக்காயைத் தரம் பார்த்து வியாபாரிகள் விலை கேட்பார்கள். அதிக விலை கேட்டவருக்கே காய் சொந்தமாகும். இவ்வாறே வீரர்களை ஏலத்தில் எடுத்து அமைக்கப்பட்ட அணிதான் சென்னை சூப்பர் கிங்ஸ்.

2008-ஆம் ஆண்டு இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கியபோது சென்னை அணியின் உரிமையை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் பெற்றது. ராஞ்சியைச் சேர்ந்த மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தனர். அவ்வாண்டு ஏலத்தில் மிக உயர்ந்த விலை அதுவே. ஆஸ்திரேலியாவிலிருந்து மேத்யூ ஹைடனும், இலங்கையிலிருந்து முத்தையா முரளிதரனும் வந்தனர். நம் தமிழகத்துப் பத்ரிநாத்தும் உடன் ஆடினார்.

மஞ்சள் உடையும் சிங்க முகமும் இவ்வணியின் அடையாளங்கள். சேப்பாக்கம் மைதானமே தாய்வீடு. 1934-இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்ததும் அங்கேதான். 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளில் இவ்வணி கோப்பையை வென்றது.

பல ஊர்க்காரர்கள் சேர்ந்த அணி எப்படி நம் அணி ஆயிற்று? வெற்றியால் மட்டும் என்று கூற இயலாது. 2013-இல் எழுந்த சூதாட்டப் புகாரின் பேரில் நீதிபதி லோதா குழு, 2015-இல் இரண்டாண்டுத் தடை விதித்தது. 2016, 2017 ஆண்டுகளில் அணி ஆடவேயில்லை. ஆயினும் மக்கள் மறக்கவில்லை. 2018-இல் அணி திரும்பி வந்தது. அப்போது காவிரிப் போராட்டம் நடந்துகொண்டிருந்ததால், சென்னையில் ஒரே ஓர் ஆட்டம் ஆடியபின் மற்ற ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன. சுமார் ஆயிரம் ரசிகர்கள் தனி ரயிலிலேயே புனே சென்று விசிலடித்தார்கள்! அவ்வாண்டே கோப்பையும் கிடைத்தது. விலை கொடுத்தால் வீரர் வருவார். இத்தகைய அன்பு எந்த ஏலத்திலும் கிடைக்காது.

தோழியரே, நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. 2023-இல் பெண்களுக்கான லீக் மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப் பிரதேசம் என ஐந்து அணிகளுடன் தொடங்கியது. சென்னைக்கு அதில் இடமில்லை. 2024 டிசம்பர் ஏலத்தில், பதினாறே வயதான தமிழகப் பெண் கமலினியை 1.6 கோடி ரூபாய்க்கு எடுத்தது மும்பை அணி. நம்மைவிட ஒரே வயது மூத்தவர்! நம் மலைக் காயைப் போல அவரும் வெளியூர் சென்றார். அவருக்குப் பின் வரும் பெண்களுக்காவது சேப்பாக்கத்தில் ஒரு தாய்வீடு அமைய வேண்டும். அன்று விசிலடிக்க நாமும் செல்வோம்!