பாடுகளின் நடுவே பாடியவர்கள் – 9: மீதியிருந்த கைகள்

சென்ற வாரம் பிலிப்பி நகரத்துச் சிறைச்சாலைக்குப் போயிருந்தோம். தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்ட நிலையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடியதைக் கண்டோம். அதே பவுல், பின்னாளில் காவலில் இருந்துகொண்டு பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், சந்தோஷத்தைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுவதையும் பார்த்தோம். 'அவர் அப்போஸ்தலர், அவரால் முடிந்தது. நம்மால் ஆகிற காரியமா?' என்று யாருக்கும் தோன்றும். நியாயமான கேள்விதான். அதனால் இந்த வாரம் நமக்குப் பக்கத்திலேயே, வேலூரில் வாழ்ந்த ஒருவரைப் பார்ப்போம்.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கொச்சிப் பகுதியில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார். பெண்களுக்கான மருத்துவத்தில் தேர்ச்சி பெற்று ஊழியம் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை.

1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு ஒருநாள் வெளியே போய்வரக் கிளம்பினார். அவர்கள் சென்ற வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய அடி முதுகுத்தண்டில். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

இத்தகைய வாழ்க்கைகளைச் சொல்லும்போது நாம் பல நேரம் துக்கத்தைத் தாண்டிக் குதித்துச் சந்தோஷத்துக்கு வந்துவிடுகிறோம். அப்படிச் செய்யக் கூடாது. மேரி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அறுவைக்கு மேல் அறுவை நடந்தது. நடக்கும் கால்களைத் தரும்படி ஆண்டவரிடம் கேட்டார். அந்த ஜெபத்துக்கு அவர் விரும்பிய பதில் வரவே இல்லை. மிச்சமுள்ள வாழ்நாள் எதற்கு என்ற கேள்வியோடுதான் அந்த நாட்கள் கழிந்தன.

அந்தக் கட்டிலுக்கு அருகே வந்தவர்களில் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை மூலம் சீராக்கும் முறையை வளர்த்தெடுத்தவர். அவர் மேரிக்கு ஆறுதல் மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு வேலையைக் கொடுத்தார். கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். மேரியின் கைகளுக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தக் கைகளைக் கொண்டு தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தலாமே என்றார்.

அந்த அறுவையின் முறையைத் தெரிந்துகொண்டால்தான் இந்த அழைப்பின் ஆழம் புரியும். தொழுநோய் நரம்பைத் தாக்கும்போது உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் கொக்கி போல மடங்கிவிடுகின்றன. ஆனால் முன்கையில் சில தசைகளுக்கு வலு குறைவதில்லை. அப்படி நன்றாக இருக்கும் தசையின் நாணை எடுத்து, வேறு வழியாகக் கொண்டுபோய் விரலோடு இணைப்பார்கள். பிறகு பயிற்சி கொடுத்து, அந்தத் தசைக்குப் புது வேலையைப் பழக்குவார்கள். இழந்த நரம்பு திரும்புவதில்லை. மீதியிருக்கும் வலுவே இல்லாததன் வேலையை ஏற்றுக்கொள்கிறது. மேரி நோயாளிகளின் கைகளில் செய்ததும் இதுதான். ஆண்டவர் மேரியின் வாழ்க்கையில் செய்ததும் இதுதான்.

இன்னும் ஒன்று உண்டு. தொழுநோயாளியின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர் பிராண்ட். மரத்துப்போன கையில் சூடு பட்டாலும் வெட்டு விழுந்தாலும் தெரியாது. கவனிக்காத காயங்களால்தான் விரல்கள் குறைகின்றன. மேரியின் உடலில் பாதி அப்படித்தான் மரத்திருந்தது. ஒரே பக்கமாக நெடுநேரம் உட்கார்ந்தால் புண் வரும், வந்தாலும் வலிக்காது. தன் உடலைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் காக்க வேண்டிய கட்டாயம் மருத்துவருக்கும் இருந்தது, நோயாளிக்கும் இருந்தது. ஊரும் உறவும் தள்ளிவைத்த மனிதர்களுக்கு எதிரே, சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர் வந்து அமர்ந்து அவர்கள் கையைப் பிடித்தார். எந்தப் பிரசங்கமும் சொல்ல முடியாத நற்செய்தி அது.

மேரி அதோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, சக்கர நாற்காலியில் பிறர் துணையில்லாமல் வாழக் கற்றுக்கொண்டார். பிறகு நியூயார்க்கில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். 1963இல் வேலூர் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தவர்கள், விபத்தில் முதுகு ஒடிந்தவர்கள், 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அங்கே வந்தார்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், தாங்களே குளிக்கவும், புண் வராமல் உடலைக் காக்கவும், மறுபடி பிழைப்புக்கு வழி தேடவும் கற்றார்கள். 1972இல் மேரிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் அவர் ஆண்டவருக்குள் இளைப்பாறினார்.

மேரியின் சந்தோஷம் எங்கிருந்து வந்தது? கால்கள் குணமாகி வந்ததல்ல. துக்கம் முழுவதும் தீர்ந்த பிறகு அவர் ஊழியத்துக்குப் புறப்படவும் இல்லை. துக்கம் இருக்கும்போதே, தன்னிடம் மீதியிருந்ததை ஆண்டவர் கையில் கொடுத்தார். அதைக் கொண்டு வேறொருவர் வாழ்வு நிமிர்வதைக் கண்டார். சந்தோஷம் அந்த வேலையின் நடுவே வந்தது. சங்கிலியோடிருந்த பவுல் தன் பாடுகளை எழுதிக்கொண்டிராமல் பிலிப்பியரின் வளர்ச்சியை எழுதி மகிழ்ந்தது இதனால்தான். தன் வலியையே பார்த்துக்கொண்டிருந்த கண் பிறர் வலியின் பக்கம் திரும்பும்போது, அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் கிறிஸ்துவைக் காண்கிறது.

இதில் நம் சபைகளுக்கு ஒரு பாடம் உண்டு. நோயில் கிடப்பவரிடம் போய், 'விசுவாசம் இருந்திருந்தால் எழுந்து நடந்திருப்பீர்கள்' என்று சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அது காயத்தின்மேல் காயம். மேரிக்கு விசுவாசம் இருந்தது, கால்கள் வரவில்லை, அவர் ஊழியம் நிறைவாகவே இருந்தது.

பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய் ஜெபித்துத் திரும்புவது நல்ல காரியமே. அதோடு பிராண்ட் செய்ததையும் செய்யுங்கள். வீட்டோடு முடங்கிய அந்த அண்ணனிடம் சபைக் கணக்கை ஒப்படைக்கலாம். எழுந்திருக்க முடியாத அக்காவிடம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிப் பாடம் கேட்கச் செய்யலாம். ஆலயப் படிக்கட்டின் ஓரம் ஒரு சாய்தளம் கட்டுங்கள். அவர்கள் உள்ளே வரட்டும். அவர்களிடம் இல்லாததை எண்ணிப் பரிதாபப்படுவதை விட்டு, இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டவருக்கு அவர்கள் தேவை, சபைக்கும் தேவை என்பதை அவர்கள் அறிந்துகொள்ள அதுவே வழி.

அடுத்த வாரம்: 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் மறையும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்து எழுதிய டோனாவூர் எமி கார்மைக்கேல்.

(தொடரும்)