மட்டி அள்ளப் போன லீவு நாட்கள்

பெண்கள் பகுதிக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. கணவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் வேலைக்காக ஆறு வருஷமாக வேல்ஸ் நாட்டில், ஸ்வான்ஸீ என்ற ஊரில் இருக்கிறோம். லண்டன் என்றால் எல்லோருக்கும் தெரியும். வேல்ஸ் என்றால், "அது எங்கேம்மா இருக்கு?" என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தை ஒட்டினாற்போல் மேற்கே, மூன்று பக்கமும் கடல் உள்ள சின்ன நாடு. இவர்களுக்கென்று வெல்ஷ் என்று தனி பாஷையே இருக்கிறது. இங்கே வரும்வரை எனக்கும் அது தெரியாது.

எங்கள் பக்கத்து வீட்டில் 84 வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை 'ஆச்சி' என்றுதான் கூப்பிடுவேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, தபால்காரர் வந்தால்கூட, "நான் இவளுக்கு ஆச்சியாக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்! மத்தியானம் வேலை முடிந்ததும் அவர் வீட்டில் டீ குடிப்பேன். என் அரைகுறை இங்கிலீஷைச் சகித்துக்கொண்டு அவர் சொல்லும் சின்ன வயசுக் கதைகளைக் கேட்கத்தான் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆச்சியின் அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. வீடு, மலைகளுக்கு நடுவே ஒரு சுரங்க ஊரில். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் கரித்தூள் படிந்து சாம்பல் நிறமாகிவிடுமாம். அந்தக் காலத்தில் தெற்கு வேல்ஸ் சுரங்கங்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் லீவு விடுவார்கள். ஜூலை கடைசி வாரமும் ஆகஸ்ட் முதல் வாரமும். ஊரே காலியாகிவிடும். பாரி, போர்த்கால் என்று கடற்கரை ஊர்களுக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள். ஆச்சிக்கு மட்டும் லீவு என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி வீடுதான். அது ஸ்வான்ஸீக்கு மேற்கே, கௌவர் தீபகற்பத்தின் வடகரையில், பென்கிளவுத் என்ற கிராமம். அங்கே பாட்டியை 'மாம்கி' என்பார்கள்.

பென்கிளவுத் மட்டிக்குப் பேர்போன ஊர். நம் தூத்துக்குடிப் பக்கம் கிடைக்கிற மட்டி போலவே, ஓட்டின் மேல் வரி வரியாக இருக்கும். அதைச் சேற்று மணலில் இருந்து வாரி எடுப்பது அந்தக் காலத்தில் முழுக்கப் பெண்கள் வேலை. புருஷன் சுரங்கத்தில் செத்துப்போய், மட்டியை வைத்தே பிள்ளைகளை ஆளாக்கிய பெண்கள் அங்கே உண்டு. மாம்கியும் அப்படித்தான்.

இங்கே கடலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சென்னைக் கடலில் தண்ணீர் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தாலே அதிகம். ஸ்வான்ஸீயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 8 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது! நான் முதன்முதலில் பார்த்தபோது, காலையில் இருந்த கடல் சாயங்காலம் எங்கே போனது என்று பயந்தே போனேன். பென்கிளவுத் பக்கம் தண்ணீர் வற்றினால் மைல் கணக்கில் மணல்தான். அந்தச் சில மணி நேரத்துக்குள் போய், அள்ளி, திரும்பிவிட வேண்டும். நேரம் கடிகாரத்தில் இல்லை, கடலில்தான். விடியற்காலை மூன்று மணிக்கு வற்றினால் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

பெண்கள் பாவாடையை முழங்கால்வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, கழுதைகளை ஓட்டிக்கொண்டு போவார்களாம். குனிந்து மணலைச் சுரண்டி, சின்ன வாரியால் மட்டியை இழுத்துக் கூட்டி, சல்லடையில் சலிப்பார்கள். சின்ன மட்டி கீழே விழுந்துவிடும். அது அடுத்த வருஷத்துக்கு. பெரியதை மூட்டை கட்டிக் கழுதை மேல் ஏற்றுவார்கள். வீட்டுக்கு வந்து அவித்து, ஓடு நீக்கி, மண் போக அலசி, மறுநாள் ஸ்வான்ஸீ சந்தைக்கு. மாம்கியின் அம்மா காலத்தில் தலையில் தொட்டி, கையில் கூடையோடு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு நடப்பார்களாம். டவுனுக்குள் நுழையுமுன் ஓல்க்வா என்ற இடத்தில் ஓடையில் கால் கழுவி, கையில் கொண்டுவந்த செருப்பை அங்கேதான் மாட்டுவார்களாம். அந்தப் பேருக்கே கழுவுமிடம் என்றுதான் அர்த்தம். எங்கள் ஊரில் மீன் கூடைக்காரம்மாக்கள் சும்மாட்டின் மேல் கூடை வைத்து ஓட்டமும் நடையுமாக வருவது என் கண்முன் வந்துபோனது.

லீவுக்கு வந்த பேத்திக்கு வேலை, கழுதையைப் பிடித்துக்கொள்வது. சம்பளம், மிட்டாய் கூப்பன். யுத்தம் முடிந்தும் அங்கே மிட்டாய்க்கு ரேஷன் இருந்தது. 1953 பிப்ரவரியில்தான் எடுத்தார்களாம். மாம்கி தன் பங்குக் கூப்பனையும் பேத்திக்கே கொடுத்துவிடுவார். ஒரு நாள் மட்டும் எல்லோரும் பஸ் ஏறி ஸ்வான்ஸீக்குப் போய், அங்கிருந்து கடலோரமாக மம்பிள்ஸ் வரை ஓடும் மாடி ரயிலில் போவார்கள். 1807லேயே டிக்கெட் கொடுத்து ஆட்களை ஏற்றிய ரயில் அது. முதலில் குதிரைதான் இழுத்ததாம். 1960 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். அதைச் சொல்லும்போது இன்னும் ஆச்சிக்குக் கோபம் வருகிறது.

சாப்பாடா? மட்டியும், 'லேவர் பிரெட்' என்ற கடல்பாசியும்தான். பெயரில் பிரெட் இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். பாசியை மணிக்கணக்கில் வேகவைத்துக் கூழாக்கிய கறுப்புக் களி அது. ஓட்ஸ் மாவில் புரட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள். முதல் தடவை எனக்குக் குமட்டியது. அப்புறம் வெங்காயம், பச்சைமிளகாய் வதக்கி நல்லெண்ணெயில் போட்டேன். கணவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெல்ஷ் கேக் நீங்களும் செய்யலாம், ஓவன் வேண்டாம், தோசைக்கல் போதும். மைதா இரண்டு கப், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், வெண்ணெய் அரை கப் சேர்த்துப் பொடிப்பொடியாகப் பிசிறவும். அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை, ஒரு கை உலர்ந்த கறுப்புத் திராட்சை, ஒரு முட்டை சேர்த்துச் சப்பாத்தி மாவு போலப் பிசையவும். தண்ணீர் வேண்டாம். கனமாகத் தேய்த்து, டம்ளரால் வட்டமாக வெட்டி, சிறு தீயில் இருபுறமும் சிவக்கவிட்டுச் சர்க்கரையில் புரட்டவும். கல் ரொம்பக் காய்ந்தால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். என் முதல் ஈடு அப்படித்தான் குப்பைக்குப் போனது. ஆச்சியிடம் மாம்கியின் இரும்புக் கல்லே இருக்கிறது. நம் தோசைக்கல்தான், அச்சு அசல்!

இத்தனை ஆசையாகச் சொல்கிறவர், ஒரே ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொள்வார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள், இவரைப் பார்த்ததும் "போரே தா" என்றாள். வெல்ஷில் காலை வணக்கம். சாயங்காலத்தில் காலை வணக்கம் சொல்கிறதே என்று நான் சிரித்தேன். ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆச்சிக்கு வெல்ஷ் தெரியாது! மாம்கிக்கோ வெல்ஷ்தான் பேச்சு, இங்கிலீஷ் அரைகுறை. நடுவில் இருந்த அம்மா, மகளிடம் வெல்ஷ் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். "இங்கிலீஷ் பேசினால்தான் முன்னுக்கு வரலாம்" என்பாராம். அதற்கும் முந்தைய தலைமுறையில், வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடும் பள்ளிக்கூடங்கள் இருந்தன. அடுத்துப் பேசுகிற பிள்ளை கழுத்துக்கு அது மாறும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. அந்தப் பயம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது போல. 1901ல் வேல்ஸில் பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை.

ஆச்சிக்கு ஒன்பது வயது இருக்கும். மணலில் இருந்தபோது திடீரென்று கடல்பனி இறங்கி, கை நீட்டினால் கை தெரியவில்லை. தண்ணீர் ஏறும் நேரம் வேறு. அங்கே கடல் நேராக வராது, பின்னால் இருக்கும் ஓடைகளில் முதலில் ஏறி, நாம் நிற்கும் மணலைத் தீவாக்கிவிடும். பனிக்குள்ளிருந்து மாம்கியின் குரல் வந்தது. "அரோஸ்! அரோஸ்!" சிறுமிக்கு அர்த்தம் தெரியவில்லை. சீக்கிரம் வா என்கிறார் என்று நினைத்து, குரல் வந்த பக்கம் வேகமாக நடந்தாள். நடுவே ஓடை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். கையில் இருந்த கயிற்றின் மறுமுனையில் கழுதை இறங்க மறுத்து ஊன்றி நின்றதாம். அந்தக் கயிற்றைப் பிடித்தே மேலே ஏறியிருக்கிறாள். சத்தம் கேட்டு மற்றப் பெண்கள் சுற்றி வந்து சேர்ந்தார்கள்.

'அரோஸ்' என்றால் 'நில்' என்று அர்த்தம்.

அன்று ராத்திரி மாம்கியும் அம்மாவும் வெல்ஷில் பெரிய சண்டை போட்டார்களாம். "என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் ஒரு வார்த்தை புரியவில்லை" என்றார் ஆச்சி. அதற்குப் பிறகும் அம்மா மாறவில்லை. பதினெட்டு வயதில் மாம்கி சாகக் கிடந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாராம். மாம்கி என்னென்னவோ பேசிக்கொண்டே இருந்தாராம்.

சகோதரிகளே, இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என்னால் சமைக்க முடியவில்லை. இங்கே எல்லா அரசுப் பள்ளியிலும் 16 வயதுவரை வெல்ஷ் கட்டாயம் சொல்லிக்கொடுக்கிறார்கள். என் மகள் நன்றாகவே படிக்கிறாள், சந்தோஷம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் அம்மா தூத்துக்குடியிலிருந்து போனில் பேசினால், அவள் "ம்", "ஓகே" என்பதோடு ஓடிவிடுவாள். "பிள்ளைக்கு என்ன கோபம்?" என்று அம்மா கேட்பார். கோபமில்லை, தமிழ் வரவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். பள்ளியில் பின்தங்கிவிடக் கூடாதே என்று வீட்டில் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தவள் நான்தான். அவர் இல்லை, நானேதான். ஐந்து மாதமாகத் தமிழில்தான் பேசுகிறேன். முதல் மாதம் அவள் அழுதாள், நானும்தான்.

போன ஆகஸ்டில் ஆச்சியைக் காரில் பென்கிளவுத் அழைத்துப் போனோம். கழுதைகள் இல்லை. இப்போது லைசென்ஸ் உள்ளவர்கள் மட்டும் வண்டியில் போய், இன்னும் கையால்தான் வாருகிறார்கள். உப்புச் சதுப்பில் ஆடுகளும் மட்டக்குதிரைகளும் மேய்ந்தன. தண்ணீர் வற்றிக் கிடந்தது. ஆச்சி கரையில் கைத்தடியை ஊன்றி வெகுநேரம் நின்றார். அந்த ஓடை எது என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரம் ஐஸ்கிரீம் வண்டி மணி அடித்தது. மகள் ரோட்டுக்குக் குறுக்கே பாய்ந்தாள். கார் ஒன்று வந்துகொண்டிருந்தது. "அரோஸ்!" என்று ஆச்சி கத்தினார். "ஏட்டி, நில்லுட்டி!" என்று நானும் கத்தினேன். சடாரென்று நின்றுவிட்டாள்.

"எதைக் கேட்டு நின்னே?" என்று அப்புறம் கேட்டேன்.

"ரெண்டு பேரும் கத்துனீங்கல்லா... ஐஸ்கிரீம் வாங்கித் தருவீங்களா, மாட்டீங்களா?" என்றாள்.

— ஒரு வாசகி, ஸ்வான்ஸீ, வேல்ஸ்.