டி.சி. வாங்குவதற்கு முன்

சட்டக் கல்லூரியில் முதலாண்டு முடித்த பையன். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் நேராக இரண்டாம் ஆண்டில் "டிரான்ஸ்ஃபர்" வாங்கித் தருவதாக ஒருவர் சொல்ல, அப்பா முதல் வேலையாகக் கல்லூரியில் டி.சி.யை எழுதி வாங்கிவிட்டார். அப்புறம்தான் மஞ்சள் பையோடு என்னிடம் வந்தார். ஜூன், ஜூலை வந்தால் இப்படி இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். ஒருவர்கூட டி.சி. வாங்குவதற்கு முன் வந்ததில்லை.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுப் படிப்பில் கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி முதலாண்டில்தான் சேர முடியும். டெல்லிக்கு மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் 13ஆம் விதி பக்கவாட்டு நுழைவு கூடாது என்கிறது. இரண்டாம் ஆண்டு சீட்டுக்கு எவராவது முன்பணம் கேட்டால், அது ஏமாற்று வேலை.

ஆகவே மாறலாமா என்பதல்ல கேள்வி. படித்த ஆண்டைக் கைகழுவிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஐந்தாண்டு படிக்கலாமா என்பதே கேள்வி. முதலாண்டு மாணவர் யோசிக்கலாம். பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களில் வேலை வேண்டும் என்றால், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் வளாகத் தேர்வுக்கு மதிப்புண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடுவதுதான் ஆசை என்றால், நல்ல சீனியர் ஒருவரின் அலுவலகம் அதைவிடப் பெரிது. அரசுக் கல்லூரியில் கட்டும் சொற்பக் கட்டணம் எங்கே, தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் கட்டும் லட்சங்கள் எங்கே? அதையும் கணக்கில் வையுங்கள். இரண்டாம் ஆண்டைத் தாண்டியவருக்கு என் பதில்: வேண்டாம். இருக்கும் இடத்திலேயே பட்டத்தை முடித்து, முதுநிலைக் கிளாட் எழுதி, அதே பல்கலைக்கழகங்களில் ஓராண்டு எல்.எல்.எம். படிக்கலாம்.

கிளாட் இப்போது டிசம்பரில் நடக்கிறது. இளநிலைத் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. பிளஸ் டூவில் 45 விழுக்காடு போதும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. கல்லூரியில் படித்துக்கொண்டே எழுதலாம். டி.சி. தேவையில்லை. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு என்பதால் இருப்பிடச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கலந்தாய்வு தொடங்கியபின் ஓடினால் தாசில்தார் விடுப்பில் இருப்பார்.

இடம் கிடைத்து, ஒதுக்கீட்டுக் கடிதம் கைக்கு வந்தபிறகே விலகல் கடிதம். முதல்வர் பெயருக்கு இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். அந்தத் தேதியை வைத்துத்தான் பணம் திரும்பும். அந்த ஆண்டே சேர்ந்து விலகுவோருக்கு, யு.ஜி.சி.யின் 2018 அக்டோபர் அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பின் 15 நாளுக்குள் என்றால் 80 விழுக்காடு, 30 நாளுக்குள் 50, அதற்குமேல் ஒன்றுமில்லை. வாயால் சொன்னது கணக்கில் வராது. டி.சி.யைக் கல்லூரி தரும். மைக்ரேஷன் சான்றிதழைத் தருவது பல்கலைக்கழகம். இதைச் சொல்லாமல் மாணவரை மூன்று நாள் அலையவிடும் எழுத்தர்களை என்ன சொல்ல!

"மீதி நாலு வருஷக் கட்டணத்தைக் கட்டினால்தான் சர்டிஃபிகேட்" என்று சில தனியார் கல்லூரிகள் மிரட்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதே அறிவிக்கை சொல்கிறது. அடமானப் பொருள்போலச் சான்றிதழைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழுவுக்கு எழுதுங்கள். யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். தீரவில்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும் புகாரைப் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய கல்லூரியில் பெயரை வைத்துக்கொண்டே புதிய இடத்திலும் சேர்ந்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு முழுநேரப் படிப்பில் பதிவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. வழக்கறிஞராகப் பதியப் போகும்போது வில்லங்கம் வரும்.

மஞ்சள் பை அப்பாவைப் பழைய கல்லூரிக்கே திருப்பி அனுப்பினேன், மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் மனுவோடு. மனு பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறது. இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது.