வேலைக்குப் போனால் வேலை போய்விடும்

உட்காருப்பா, டீ சொல்லியாச்சு. யாழ்ப்பாணத்தில் பி.ஏ. முடித்தவர்கள் கிடைத்த வேலைக்குப் போகாமல் ஏன் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று கேட்டாய். சோம்பல் என்று மட்டும் நினைத்துவிடாதே.

சென்னை ஆதம்பாக்கத்தில் இருக்கும் உனக்குப் பரங்கிமலையில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கிண்டி. 1958இல் வந்த தொழிற்பேட்டை அங்கே. வேளச்சேரி தாண்டினால் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகள். ஓர் இடத்தில் இல்லையென்றால் இன்னோர் இடத்தில் கேட்கலாம். இலங்கையின் வடக்கில் அப்படிக் கேட்க இருந்த இடங்களைப் போர் மூடிவிட்டது. காங்கேசன்துறை சிமெண்ட் ஆலை 1990இல் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் மூடிக் கிடந்தது. ஆனால் அரசாங்கச் சம்பளம் நிற்கவில்லை. புலிகள் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலும் ஆசிரியர்களுக்கும் கச்சேரி (மாவட்டச் செயலக) ஊழியர்களுக்கும் கொழும்பு அரசுதான் சம்பளம் கொடுத்தது. என்னைக் கேட்டால், மற்றக் காரணங்களைவிட இதுதான் பெரியது. அதைக் கண்ணால் பார்த்த அப்பா அம்மா, பிள்ளையை வேறு எந்த வேலைக்குத் தைரியமாக அனுப்புவார்கள்?

எல்லாரும் ஒரேமாதிரி காத்திருப்பதில்லை. மருத்துவம் படித்தவருக்கு அரசே இடம் கொடுத்துவிடும். பொறியியல் படித்தவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவார். கலைப்பிரிவுதான் மாட்டிக்கொள்ளும். ஆசிரியர் பணி, இல்லாவிட்டால் அபிவிருத்தி உத்தியோகத்தர் பணி, இரண்டும் அரசாங்கத்திடம். கொழும்புத் தனியார் கம்பெனி ஆங்கிலமோ சிங்களமோ கேட்கும். அறை வாடகையும் சேரும். கலைப்பீடங்களில் பெண்களே அதிகம். மகளைத் தனியாக அனுப்ப வீடு தயங்கினால் காத்திருப்பு இன்னும் நீளும்.

இது தமிழர் கதை மட்டுமல்ல. 1971 ஏப்ரலில் தெற்கே ஜே.வி.பி. என்னும் இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சியில் இறங்கியவர்களில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த சிங்கள இளைஞர்கள் ஏராளம். அதே ஆண்டு டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு, படிப்பு வளர்க்கும் எதிர்பார்ப்பும் நாட்டில் இருக்கும் வேலையும் பொருந்தவில்லை என்று எழுதியது.

அரசு செய்ததைச் சொல்கிறேன், கேள். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். 2020இல் மாதம் 20,000 ரூபாய் உதவித்தொகையில் 50,000 பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுப்பதாக அரசு அறிவித்தது. அப்போது ஊழியர் சேமலாப நிதியில் (பி.எஃப்.) பெயர் இருந்தவர்கள் பலரை, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் என்று முதலில் தள்ளிவைத்தார்கள். வீட்டுக்கு உதவ ஏதோ ஒரு கடையில் கணக்கு எழுதப் போனவருக்கு அதுவே வினையாயிற்று. அதைப் பார்த்த தம்பி தங்கைகள் சும்மா இருப்பதே மேல் என்றுதானே முடிவு செய்வார்கள்?

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று கொழும்பு அறிவித்தது. அதன்பிறகு அரசு ஆளெடுப்பும் சுருங்கியது. இனி எந்த அரசு வந்தாலும், தனியார் வேலைக்குப் போனவருக்கு அரசு வேலையில் இடமில்லை என்று சொல்லவே கூடாது. அதற்குப் பணம்கூடத் தேவையில்லை.